ஏழு யாரு?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. என்னிடம் கேட்டது இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'மாதிரி விமானங்களில் ரேடியோ இடையூறைத் தவிர்ப்பது எப்படி?'

எங்கள் மாதிரி விமான மன்றத்துக்கு இருபத்தைந்து வயதாகிறது, மலர் போடுகிறார்கள். மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மைதானம், மூன்று பக்கம் தகரம் அடித்த ஒரு ஷெட், ஒரு பெஞ்சு, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்து சேருகிற ஒன்பது பேர். அவ்வளவுதான்.

கட்டுரை கேட்டவள் என் மனைவியின் அண்ணன் மகள். எனக்கு மருமகள் முறை. சின்ன வயதில் செய்த அட்டகாசத்துக்கு வாலு என்று பெயர் வைத்தோம், இருபது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. மலருக்கு அவள்தான் பொறுப்பு.

"மாமா, எல்லாரும் எழுதிக் குடுக்கறதை நான் உக்காந்து சரி பண்ணணும். உங்களோடதுல மட்டும் கை வைக்க வேண்டியிருக்காது" என்றாள்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கதை எழுதுவது அதற்கு மேல். இருபத்திரண்டு வருடமாக ஊரார் பிழையைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன்.

இன்று நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது மணி ஒன்று இருபது. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பழைய புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுரையை நேற்றே முடித்துவிட்டேன். சுத்தமாக, தலைப்பு உபதலைப்போடு, மேசையின் இடது ஓரத்தில் இருக்கிறது. அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதுதான் பிரச்சினை. ஒரு பொய்யும் சொல்லாமலே முழுக்க மறைத்துவிட முடிகிறது.

2

கட்டுரைக்கு அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. இந்தக் கதைக்கு இதுவரை எழுதிய தொடக்கங்கள் கீழே இருக்கின்றன. ஒன்றையும் கிழிக்கவில்லை, நீங்களும் பாருங்கள்.

தொடக்கம் ஒன்று: "ரேடியோ அலை கண்ணுக்குத் தெரியாது. எங்கிருந்து வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்று எவராலும்—"

(விட்டுவிட்டேன். ஆரம்பத்திலேயே 'எவராலும்' என்றால் ஆள் நழுவப் பார்க்கிறான் என்று அர்த்தம்.)

தொடக்கம் இரண்டு: "பதினோரு வருடத்துக்கு முன்னால், காரணம் கண்டுபிடிக்க முடியாத ஒரு விபத்தில்—"

(காரணம் கண்டுபிடிக்க முடியாத! எழுதிய கையை எனக்கே அடிக்கத் தோன்றியது.)

தொடக்கம் மூன்று: "பலகையில் ஒன்பது துணி கிளிப் இருந்தது."

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

பலகையில் ஒன்பது துணி கிளிப் இருந்தது. கொடியில் துணி காயப்போடுகிற அதே மரக் கிளிப்தான். ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணைப் பெயிண்டில் எழுதியிருந்தோம். அந்தக் காலத்து ரேடியோ பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கையில் பிடித்திருக்கும் பெட்டியும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரும் அந்த எண்ணில்தான் பேசிக்கொள்ளும். ஒரே எண்ணில் இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் பேசினால் விமானத்துக்கு இரண்டும் கேட்கும். இரண்டு பேர் ஒரே காதில் கத்தினால் நீங்கள் எப்படி முழிப்பீர்களோ, அதுவும் அப்படித்தான் முழிக்கும்.

அதற்குத்தான் கிளிப். உங்கள் எண்ணின் கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்து உங்கள் பெட்டியின் ஆன்டெனாவில் மாட்ட வேண்டும், அப்புறம்தான் சுவிட்ச். கிளிப் பலகையில் இல்லையென்றால் வேறொருவர் பறக்கவிடுகிறார் என்று அர்த்தம். அவர் இறக்கி, பெட்டியை அணைத்து, கிளிப்பைத் திருப்பி மாட்டும்வரை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதை மீறுகிறவனை விட மோசமானவன் எங்கள் மைதானத்தில் கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பறக்கும் விமானம் சொன்ன பேச்சு கேட்காமல் துள்ளினால், ஓட்டுகிறவர் தன் எண்ணைச் சொல்லிக் கத்துவார். "மூணு யாரு?" என்றால், மூன்றாம் எண்ணில் தெரியாமல் ஆன் செய்தவன் அந்த விநாடியே அணைத்துவிட்டு "நான்தான்! அணைச்சுட்டேன்!" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். அப்புறம் ஒரு வாரத்துக்கு அவனைக் கேலி செய்தே கொன்றுவிடுவோம். ஆனால் விமானம் பிழைத்துக்கொள்ளும்.

[குறிப்பு: இப்போது வருகிற ரேடியோ பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை தாமே காலியான இடம் பார்த்துப் பேசிக்கொள்கின்றன, தன் விமானத்தைத் தவிர வேறு எதோடும் பேசுவதில்லை. ஆக, நான் சொல்லப்போகிற தப்பை இனி யாரும் செய்ய முடியாது. இதை நினைத்து ஆறுதல் அடையப் பலமுறை முயன்றிருக்கிறேன்.]

ஏழாம் எண் இரண்டு பேருக்கு இருந்தது. ஒன்று என் மச்சான். இன்னொன்று நான்.

3

மச்சான் என்கிற பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அவர்தான் எனக்கு ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறார்.

என் மனைவியின் அண்ணன். பல் செட் செய்வது அவர் தொழில். நாலைந்து பல் டாக்டர்கள் அவரிடம்தான் கொடுக்கிறார்கள். மருந்துக் கடைக்குப் பின்னால் நீளமான ஒரு அறை. ஜன்னலோரம் மேசை. மேசைமேல் யார் யாருடைய வாயோ வரிசையாகப் பிளாஸ்டரில் ஆவென்று திறந்து கிடக்கும். ஒரு மயிரிழை உயரமாக இருந்தால்கூட அந்தப் பல்லைத் திரும்ப எடுத்து ராவுவார்.

கதைக்கு வசதியாக இருக்குமே என்று அவரைக் கொஞ்சம் அலட்சியக்காரராக ஆக்கிப் பார்த்தேன். "மச்சான் எப்போதும் அவசரக்காரர்—" என்று ஒரு வரி. சிரிப்பு வந்துவிட்டது. தற்பெருமைக்காரராக ஆக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. அவர் தப்பு செய்திருக்கக்கூடிய ஆள் என்று வாசகரை நம்பவைக்க ஒரு சின்னக் குறைகூடக் கிடைக்காமல் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது: பதினோரு வருடமாக ஊர் முழுக்க அதை நம்பிக்கொண்டிருக்கிறது. நான் ஒன்றுமே எழுத வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் அவர் அறைக்குப் போனேன். அனுப்பியது வாலு. அவளே ஒரு விமானம் கட்டியிருக்கிறாள், இந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறை பறக்கவிடப்போகிறாள். உள்ளே வயரிங் மட்டும் அப்பா செய்து தர வேண்டும், மைதானத்துக்கு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. அவர் மாட்டேன் என்கிறார்.

"வாங்க மாப்ள. அந்த நாற்காலி வேணாம், அதுல ஒருத்தரோட மேல்வரிசை காயுது. இப்படி வாங்க."

விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பல்லின் தூளை வாயால் ஊதினார்.

"நான் தொட்டா விளங்காது மாப்ள."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மச்சான்."

"உங்களுக்குத் தெரியாததா? நீங்களும்தானே அன்னிக்கு இருந்தீங்க."

அவர் தன் போக்கில் பேசினார். "இப்பல்லாம் ஒரு செட் முடிச்சா மூணு தடவை பாக்கறேன். பையில போட்டுக் கட்டினதுக்கு அப்புறம் மறுபடி பிரிச்சுப் பாக்கறேன். பாவம், யாரோ ஒரு மனுஷன் சாப்பிடறப்போ பல்லு கழண்டு தொண்டையில போயிட்டா? வேலை முடிய முன்னயெல்லாம் நாலு மணி ஆகும், இப்போ ஏழாகுது. உங்க தங்கச்சி திட்டறா. என்ன பண்றது? ஒரு தடவை ஒட்டினது விட்டுப்போச்சு. அது என் பிள்ளை முகத்துல வந்து விழுந்துச்சு. இன்னும் ஒரு விரக்கடை கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

"அன்னிக்குக் காத்தும் ஜாஸ்தியா இருந்துச்சு மச்சான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

நிமிர்ந்து பார்த்தார். "காத்தே இல்ல மாப்ள அன்னிக்கு."

[குறிப்பு: 'தங்கச்சி' என்று அவர் சொன்னது தன் மனைவியை. அந்த அம்மா இன்றுவரை அவரை ஒரு சொல் குறை சொன்னதில்லையாம். ஆனால் அந்த வாரமே பரணிலிருந்த ஏழு விமானத்தையும் யாரிடமோ கொடுத்துவிட்டார். மச்சான் தடுக்கவில்லை.]

4

கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்கிறேன். பயன்படுகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

ரிசீவரிலிருந்து வருகிற மெல்லிய வயர்தான் அதன் காது. நீளமாக இருக்கிறதே என்று வெட்டக் கூடாது, சுருட்டி உள்ளே திணிக்கக் கூடாது. நேராக இழுத்து வால்வரை கொண்டுபோக வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் ரிசீவரை வைக்கக் கூடாது. மோட்டாரின் கார்பன் உரசும்போது வருகிற பொறியே ஒரு இரைச்சல், அதை அடக்கச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களை அதன் வாயிலேயே சால்டர் வைக்க வேண்டும். உலோகமும் உலோகமும் உரசுகிற இடமே விமானத்துக்குள் இருக்கக் கூடாது, ஒரு பக்கமாவது பிளாஸ்டிக் போடுங்கள். வாலை ஆட்டுகிற கம்பி லொடலொடவென்று இருந்தால் அதுவும் ரேடியோவில் கரகரக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், பறக்கவிடுவதற்கு முன் தூரச் சோதனை. ஆன்டெனாவை முழுக்க உள்ளே மடித்துக்கொண்டு முப்பது எட்டு எடுத்துவைத்துப் போய், அங்கிருந்து வாலை ஆட்டிப் பாருங்கள். மடித்த ஆன்டெனா முப்பது எட்டுக்குமேல் எட்டாது. அந்த முப்பதுக்குள் வால் துடிக்காமல் சொன்னபடி கேட்டால் சரி.

மடித்த ஆன்டெனா முப்பது எட்டுக்குமேல் எட்டாது. இந்த வாக்கியத்தைக் கட்டுரையில் எழுதிவிட்டு அரை மணி நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை.

மேலே சொன்ன ஒவ்வொன்றையும், சொல்லாத சிலவற்றையும் மச்சானின் விமானத்தில் நடந்த விபத்துக்குக் காரணமாக வைத்து நான் ஒரு வடிவம் எழுதியிருக்கிறேன். ஒன்றில் கெப்பாசிட்டர் கழன்றது. ஒன்றில் பக்கத்துத் தொழிற்சாலையில் வெல்டிங் நடந்தது. ஒன்றில், வெட்கமாக இருக்கிறது, மேகம். எல்லாமே நடந்திருக்கக்கூடியவை. படித்துப் பார்த்தேன், மேகம் உட்பட எல்லாமே நன்றாகவே பூசி மெழுகப்பட்டிருந்தன.

அடுத்த அறையிலிருந்து என் மனைவி கேட்கிறாள். "யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. படிச்சுப் பாக்கறேன்."

"ரெண்டு பக்கக் கட்டுரைக்கு மூணு நாளா? புராணமா எழுதறீங்க?"

மணி இரண்டு நாற்பது.

5

சரி. சொல்லிவிடுகிறேன்.

அன்று ஏழாம் கிளிப் மச்சானின் ஆன்டெனாவில் இருந்தது. அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து நூற்றைம்பது எட்டு இருக்கும். நான் ஷெட்டுக்குள் தரையில் உட்கார்ந்து என் விமானத்தை மடியில் வைத்திருந்தேன். ஷெட்டுக்கு வெளியே பெஞ்சில் வாலு. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

முந்தைய வாரம் என் விமானத்தின் வால் துடித்தது. வீட்டில் வயரை மாற்றி வைத்திருந்தேன். சரியாகிவிட்டதா என்று தெரிய வேண்டும். மச்சான் இறக்கட்டும் என்று பத்து நிமிடம் பொறுக்க எனக்கு முடியவில்லை. இதுதான் நிஜம், இதற்குமேல் பெரிய காரணம் எதுவும் கிடையாது. விமானத்தின் ரிசீவரை மட்டும் ஆன் செய்தேன். வால் ஆடியது. இடம், வலம், கொஞ்சம் மேலே.

ஐயையோ, இன்னும் துடிக்கிறதே என்று நினைத்தேன். அது துடிப்பு இல்லை. என் ரிசீவரும் ஏழு. நூற்றைம்பது எட்டுக்கு அந்தப்பக்கம் மச்சான் எப்படித் திருப்புகிறாரோ அப்படி என் மடியில் இருந்த வால் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கையைத்தான் நான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை எடுத்தேன். ஆன்டெனா மடித்தேதான் இருந்தது. முப்பது எட்டுக்குமேல் எட்டாது, மச்சானின் விமானம் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்? கிளிப் இல்லாமல் சுவிட்சைப் போட்டேன். நாலு விநாடி இருக்கும்.

மச்சான் அந்த நேரம் பார்த்து இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் மைதானத்தில் இறங்குகிற விமானம் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து, கூரைக்கு மேலாகத்தான் வரும். கூரைக்கு மேல் என்றால் எனக்குப் பத்து எட்டு. அவருக்கு நூற்றைம்பது. அந்த இடத்தில் விமானத்துக்கு யார் பேச்சு கேட்கும் என்று கணக்குப் போட நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை.

மேலே மோட்டார் சத்தம் மாறியது. மூக்கு கீழே திரும்பிய விமானம் ஷெட்டின் இரும்புக் காலில் மோதியது. உடைந்த புரொப்பெல்லரின் ஒரு துண்டு பெஞ்சுப் பக்கம் பறந்தது. குழந்தை அழவில்லை. பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதன்மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

இடது புருவத்துக்குமேல் ஐந்து தையல். ஆஸ்பத்திரியில் மச்சானால் பார்க்க முடியவில்லை, வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது நான்.

அப்புறம் எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். ஏழாம் கிளிப் மச்சானிடம்தான் இருந்தது. ஆகவே வேறு யாரும் ஆன் செய்திருக்க முடியாது. எங்கள் பலகையை நாங்கள் அவ்வளவு நம்பினோம். மச்சான் உடைந்த விமானத்தைப் பிரித்துப் பார்த்தார். பேட்டரி வயரில் ஒரு சால்டர் விட்டிருந்தது. மோதின வேகத்தில் விட்டது. அவர் அப்படி நினைக்கவில்லை. "என் சால்டர்தான்" என்றார். மன்றத்துக் குறிப்பேட்டில் அதைத் தன் கைப்பட எழுதி, "சரியா இருக்கான்னு பாருங்க மாப்ள" என்று என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்துக் கொடுத்தேன். பதினோரு வருடத்தில் என்னைத் தூங்கவிடாதது விமானம் விழுந்த சத்தம் அல்ல, அந்த ஒற்றுதான்.

6

மணி மூன்று பதினைந்து. முடிவு வேண்டும்.

முடிவு அ: எழுத்தாளர் தைரியமாக மச்சானிடம் போய்ச் சொல்கிறார். மச்சான் கட்டிப்பிடித்து, "விடுங்க மாப்ள" என்கிறார். (இதை யாராவது என்னிடம் திருத்தக் கொடுத்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.)

முடிவு ஆ: எழுத்தாளர் தாள்களை அடுப்பில் வைக்கிறார். மச்சான் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருக்கிறார். மருமகள் தனியாக நிற்கிறாள். அவளுடைய விமானம் நன்றாகப் பறக்கிறது, பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. எழுத்தாளர் கைதட்டுகிறார். (இதுதான் நடக்கும். நான் ஒன்றும் செய்யாவிட்டால் தானாகவே நடக்கும்.)

முடிவு இ: மருமகளுக்கு எல்லாம் முன்பே தெரியும். பெஞ்சிலிருந்து அன்றே பார்த்திருக்கிறாள்.

இந்த மூன்றாவதை எழுத மாட்டேன். மலிவான தந்திரம். வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார். அதுவும் தவிர ஷெட்டுக்குச் சுவர் உண்டு. முதல் வடிவத்தில் சுவர் என்று எழுதினேன். இரண்டாவதில் கதவு சாத்தியிருந்தது என்று—

(கதவு ஏது? மூன்று பக்கம்தான் தகரம் என்று நானே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாலாவது பக்கம் திறந்தே இருந்தது. பெஞ்சு அந்தப் பக்கம்தான். இதை இப்போதுதான் கவனிக்கிறேன்.)

இல்லை. ஒன்பது வயதுக் குழந்தை, கவனமெல்லாம் பிஸ்கட்டில்தான் இருந்தது.

கீழே கார் வந்து நிற்கிற சத்தம். நாலு மணிக்கு என்று சொன்னாளே, மூன்றரைகூட ஆகவில்லை! ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாலு இறங்குகிறாள். ஓட்டி வந்தது மச்சான். அவருக்கு முட்டிவலி, இரண்டு மாடி ஏற மாட்டார், காரிலேயே இருக்கிறார். இடது ஓரத்தில் கட்டுரை இருக்கிறது. வலது ஓரத்தில் இது. எதைக் கொடுப்பது என்று முடிவு பண்ண எனக்கு—

7

நான் செய்ததைச் சொல்கிறேன். கதவைத் திறந்தேன். "வா பாப்பா, ரெண்டும் மேசைமேல இருக்கு" என்று வாய் குழறச் சொல்லிவிட்டு, டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன். இதைத் தைரியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்று ஷெட்டில் உட்கார்ந்திருந்த அதே ஆள்தான்.

டீ கொதித்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன். மறுபடி வைத்தேன். முன்னறையில் தாள் புரளுகிற சத்தம். ஒரு இடத்தில் நெடுநேரம் புரளவே இல்லை. அப்புறம் பென்சில் கிறுக்குகிற சத்தம். அப்புறம் வாசல் கதவு.

வெளியே வந்து பார்த்தேன். கட்டுரை தொடப்படாமல் இடது ஓரத்திலேயே இருந்தது. கதைக் கட்டில் கடைசித் தாளைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. அந்தத் தாளில், 'எனக்கு—' என்று நான் விட்ட இடத்துக்குக் கீழே, அவள் எழுத்து:

"மாமா, உங்களோடதுல கை வைக்க வேண்டியிருக்காதுன்னு சொன்னேன். ஒரு இடத்துல வைக்க வேண்டியிருக்கு. அஞ்சாம் பகுதில ஒரு தடவை சுவிட்சைப் போட்டதா எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவை போட்டீங்க. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

அப்பவே அப்பாகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். தையல் போடறப்போ நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னைவிட அதிகமா அழுதீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். கட்டுரை கேட்டதும் அதுக்குத்தான். மன்றத்துல எழுத வேற ஆளா இல்ல?

மத்த தாளையெல்லாம் அப்பாகிட்ட குடுக்கறேன். இந்தக் கடைசித் தாளைச் சரியா எழுதி நீங்களே கீழ எடுத்துட்டு வாங்க. டீ வேணாம்."

8

அவள் விட்டுப்போன இடத்துக்குக் கீழேதான் இதை எழுதுகிறேன். ஜன்னலோரம் நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தடவை. ஆமாம்.

முதல் தடவை போட்டதும் மேலே விமானம் துள்ளியிருக்கிறது. நான் பார்க்கவில்லை, கூரை மறைத்தது. என் வால் ஆடாமல் நின்றதைப் பார்த்துத் திருப்தியாக அணைத்தேன். அந்த நேரம்தான் அந்தக் கோடியிலிருந்து மச்சான் கத்தினார்.

"ஏழு யாரு?"

அப்போது விமானம் இன்னும் விழவில்லை. பிடியைத் திரும்ப வாங்கிவிட்டார், மூக்கைத் தூக்கிவிட்டார். அப்படியே விட்டிருந்தால் இறங்கியிருக்கும். "நான்தான், அணைச்சுட்டேன்" என்று கத்தியிருந்தால் ஒரு வாரக் கேலியோடு முடிந்திருக்கும்.

நான் கத்தவில்லை. நானா? மடித்த ஆன்டெனாதானே? முப்பது எட்டுக்குமேல் எட்டாதே? என்னாலா? நானாக இருக்காது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரே ஒரு வழிதான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன்.

மச்சான், நான்தான். உங்கள் சால்டர் இல்லை. காற்று இல்லை, மேகம் இல்லை. உங்கள் கையில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு தடவையும் நான்தான்.

இதை எழுதினால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

என் மனைவி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "அண்ணன் என்ன, கார்லயே உக்காந்து படிச்சிட்டிருக்காரு? உங்க கட்டுரையா? அவ்வளவு நல்லாவா இருக்கு?"

இன்னும் ஐந்து நிமிடத்தில் இவளுக்கும் தெரிந்துவிடும். பதினோரு வருடம் அண்ணனுக்காக அழுதவள். இன்று சாயங்காலம் எனக்கு இந்த வீட்டில் எந்த நாற்காலி என்று தெரியவில்லை.

வாலு காருக்கு வெளியே கதவில் சாய்ந்து நிற்கிறாள். மேலே பார்க்கவில்லை. மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார். கையில் மிச்சம் இரண்டு தாள். ஒன்று. இப்போது அதையும் படித்துவிட்டார். திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார், அங்கே யாருடைய பழைய புரூஃபோதான் இருக்கும். சீட்டிலும் மடியிலும் தேடுகிறார். மீதி எங்கே என்று பெண்ணிடம் கேட்கிறார். அவள் கையை நீட்டி இந்த ஜன்னலைக் காட்டுகிறாள்.

கார் கதவு திறக்கிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்று மேலே பார்க்கிறார்.

"அண்ணே, மேல வாங்க!" என்கிறாள் என் மனைவி. அவர் அவளைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவாரா, வயரைத் தொடுவாரா, என்னை என்ன சொல்வார், எதுவும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். 'ஏழு யாரு?' என்று அன்று கேட்டவர் பதிலுக்கு இன்னும் நிற்கிறார், இந்தத் தாள் இன்னும் என் கையில் இருக்கிறது. இங்கேயே நின்று இன்னும் ஒரு வரி எழுதினால் அது மூன்றாவது தடவை.